ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (1870 - 1960) தமிழ்நாட்டில் பிறந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டிலேயே கழித்த அமெரிக்க மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் (சி.எம்.சி.) நிறுவியவர் என்று பரவலாக அறியப்படுகிறார். தென்னிந்தியாவில் முறையான செவிலியர் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் என்பது இவருடைய வாழ்வின் மற்றொரு சிறப்பு ஆகும். வேலூரில் இவர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918 ஆம் ஆண்டில். செவிலியர் பயிற்சிப் பள்ளியோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1909 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. பெண் நோயாளிகளைத் தொட்டுப் பேணப் பயிற்சி பெற்ற பெண்கள் இல்லாமையே அக்காலத்தில் பல உயிரிழப்புகளுக்குக் காரணம் என்பதைத் தம் இளமையிலேயே நேரில் கண்டவர் இவர்.

குடும்பப் பின்னணி

ஐடாவின் பாட்டனார் மூத்த ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற முதல் மருத்துவ மிசனரி எனக் கருதப்படுபவர். 1819 ஆம் ஆண்டு நியூயார்க்கில் தம் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுக் கப்பலேறிய இவர், இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தார். பின்னர் 1836 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். இவருடைய பிள்ளைகள் ஆற்காடு மிசன் என்னும் அமைப்பின் வழியாக வட ஆற்காடு, தென் ஆற்காடு பகுதிகளில் பணியாற்றினர். நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் இத்தகைய பணியில் ஈடுபட்டனர்.

ஐடா, இளைய ஜான் ஸ்கடருக்கும் சோபியா வெல்டுக்கும் கடைசிக் குழந்தையாக 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து சகோதரர்களுக்கு இவர் ஒரே சகோதரி. தந்தையும் மருத்துவரே.

இளமைக்காலம்

ஐடாவின் குழந்தைப் பருவத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் எனப்படும் கொடிய பஞ்சம் தாக்கியது. பசியால் வாடிய குழந்தைகளையும், இறந்தோரையும் மிக இளம் வயதிலேயே காண நேர்ந்தது இவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பின்னர் குடும்பத்தினருடன் அமெரிக்கா சென்ற ஐடா, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்னுமிடத்தில் டுவைட் மூடி நிறுவிய பெண்கள் பள்ளியில் பயின்றார். குடும்ப மரபைத் தொடர்ந்து இந்தியாவில் பணியாற்றும் எண்ணம் அப்போது அவருக்கு இருக்கவில்லை. படிப்பை முடித்துத் திருமணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே வாழவே விரும்பினார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890 ஆம் ஆண்டில் தாயாரின் உடல்நலம் குன்றியதால், அவருக்குத் துணையாக இருக்க ஐடா இந்தியா திரும்பினார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். ஐடாவின் வாழ்வை மாற்றியதாகக் கூறப்படும் நிகழ்வு இங்குதான் நடந்தது.

ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பிள்ளைப்பேற்றின்போது இடர்ப்பட்டிருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாக ஐடா கூறியபோது, அயல் ஆடவர் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. ஐடாவே வரவேண்டும் என்று வேண்டினர். மருத்துவம் அறியாத ஐடாவால் ஒன்றும் செய்ய இயலவில்லை. மறுநாள் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரியவந்தது. இதன் பின்னரே மருத்துவம் பயின்று இந்தியாவிற்குத் திரும்புவதென ஐடா முடிவு செய்தார்.

வந்தவர்கள் மூவரும் வெவ்வேறு சமயத்தையும் சாதியையும் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் பார்க்கவேண்டும் என்ற கட்டுப்பாடு அக்காலத்தில் பல சமூகங்களுக்கும் பொதுவாக இருந்தது. அருகிலேயே மருத்துவர் இருந்தும் அவர்களுக்குப் பயன் கிட்டவில்லை.

மருத்துவக் கல்வி

ஐடா 1895 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியபோது அங்கு மாறினார். 1899 ஆம் ஆண்டு, அக்கல்லூரியில் பெண்கள் இடம்பெற்ற முதல் வகுப்பில் பட்டம் பெற்றார்.

இந்தியா திரும்புமுன் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றை அமைக்க நிதி திரட்டினார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். தோழியான ஆனி ஹான்காக்குடன் ஐடா 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார்.

வேலூரில் தொடக்கம்

தந்தையிடம் அனுபவம் பெற்ற பின்னரே தனியாகச் செயல்படலாம் என ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அவர் வந்த அதே ஆண்டின் மே மாதத்தில் தந்தை காலமானார். வேலூரில் தாம் வசித்த வீட்டின் ஓர் அறையிலேயே, ஒரே ஒரு படுக்கையுடன் ஐடா மருத்துவப் பணியைத் தொடங்கினார். முதலில் நோயாளிகள் வரத் தயங்கினர். மெல்ல நம்பிக்கை வளர்ந்ததும் கூட்டம் பெருகியது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு மருத்துவம் பார்க்கப்பட்டது.

அப்போது அவருக்கு உதவப் பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் இல்லை. வீட்டில் சமையல் வேலை பார்த்தவரின் மனைவிக்கே காயம் கழுவவும், கட்டுப் போடவும், கருவிகளைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார். வேலூரின் செவிலியர் கல்வி வரலாறு இவ்வாறுதான் தொடங்கியது எனலாம்.

1902 ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. இம்மருத்துவமனை வளாகம் பின்னர் சி.எம்.சி.யின் கண் மருத்துவப் பிரிவாயிற்று.

அக்காலத்தில் செவிலியர் பணி

ஐடாவின் முயற்சியைப் புரிந்துகொள்ள, அக்காலத்தில் செவிலியர் பணிக்கு இருந்த மதிப்பை அறிவது தேவை. 1860 ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய பிறகே, ஐரோப்பாவில் இது கற்றுத் தேறவேண்டிய ஒரு தொழில் என்ற கருத்து வலுப்பெற்றது. இந்தியாவில் சென்னை இத்துறையில் முந்திக்கொண்ட நகரங்களுள் ஒன்று. 1844 ஆம் ஆண்டில் சென்னையில் மகப்பேறு மருத்துவமனை ஏற்பட்டது; 1854 ஆம் ஆண்டில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. 1885 ஆம் ஆண்டில் டஃப்ரின் சீமாட்டியின் பெயரால் நாடளாவிய நிதியம் ஒன்று தோன்றிப் பெண்களுக்கான மருத்துவ உதவிக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில் மேரி ஷார்லிப்பின் முயற்சியால் சென்னையில் கோஷா மருத்துவமனை தோன்றியது. எனினும் இப்பயன்கள் பெரும்பாலும் நகரங்களோடு நின்றன. பயிற்சி பெற்றோரிலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மிகுதியாக இருந்தனர்.

சிற்றூர்களில் பிள்ளைப்பேற்றைக் கவனித்தவர்கள் வழிவழியாக வந்த மருத்துவச்சிகளே. அவர்களிடம் பட்டறிவு இருந்தது. ஆயினும் நோய்க்கிருமி பற்றிய அறிவோ, சிக்கலான பேறுகளைக் கையாளும் கருவிகளோ இல்லை. மேலும் குருதி, மலம், சீழ் ஆகியவற்றைத் தொடுவது தீட்டு எனக் கருதப்பட்டது. பிறர் உடலைக் கழுவித் துடைப்பது தாழ்ந்த வேலையாகவும் எண்ணப்பட்டது. இளம்பெண்கள் வீட்டுக்கு வெளியே இரவு முழுதும் வேலை செய்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்றும் பெற்றோர் அஞ்சினர். ஆகவே பெண்களைச் செவிலியர் பயிற்சிக்கு அழைப்பதே பெரும் போராட்டமாக இருந்தது. மிசன் மருத்துவமனைகளில் தொடக்கத்தில் பயிற்சிக்கு வந்தவர்களுள் கிறித்தவ மகளிர் பள்ளிகளில் படித்தவர்களும், ஆதரவற்ற கைம்பெண்களும் மிகுதி.

செவிலியர் பயிற்சிப் பள்ளி

1909 ஆம் ஆண்டில் ஷெல் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற செவிலியரான டெலியா ஹாட்டன் இதனை நடத்தும் பொறுப்பை ஏற்றார். தென்னிந்தியாவின் தொடக்ககாலச் செவிலியர் பள்ளிகளுள் இதுவும் ஒன்று. அகில இந்திய அளவில் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தோன்றியது 1908 ஆம் ஆண்டில்தான் என்பதை நோக்க, இப்பள்ளி எவ்வளவு முற்பட்டது என்பது விளங்கும்.

அக்காலச் செவிலியரின் பணி இன்றைய நிலையோடு ஒப்பிட இயலாத அளவு கடினமானது. பெனிசிலின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் 1940களில்தான் பயன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முன்பு அறுவை மருத்துவத்துக்குப் பின் ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் பெரும்பாலும் செவிலியரின் கைத்தூய்மையையும் விழிப்பையும் சார்ந்திருந்தன. மின்வசதி இல்லாத அறைகளில் விளக்கொளியில் இரவுப்பணி நடந்தது. வாந்திபேதி, பெரியம்மை, காசநோய் போன்றவை செவிலியரையும் தொற்றும் அபாயம் எப்போதும் இருந்தது. நோயாளியுடன் வந்து தங்கும் உறவினர்களைச் சமாளிப்பதும், அவர்களுக்குத் தூய்மையைக் கற்பிப்பதும் கூடுதல் வேலையாயின. செவிலியர் எச்சாதியினர் என்று கேட்டு, அவர் கையால் நீரோ மருந்தோ வாங்க மறுக்கும் வழக்கம் அக்கால மருத்துவமனைகள் பலவற்றிலும் காணப்பட்டது.

இவ்வளவு இன்னல்களுக்கிடையிலும் இப்பணி பெண்களுக்குச் சில புதிய வாய்ப்புகளைத் தந்தது. சொந்தமாக ஊதியம் ஈட்டவும், கல்வி பெறவும், தனித்து வாழவும் வழி பிறந்தது. கைம்பெண் என ஒதுக்கப்பட்டவரும் ஊரார் தேடிவரும் ஒருவராக மாறமுடிந்தது. தாயையும் சேயையும் உயிருடன் வீட்டுக்கு அனுப்பும் நிறைவு, ஊதியத்தால் அளவிட இயலாதது. தீட்டு என விலக்கப்பட்ட வேலை மதிப்புக்குரிய தொழிலாக மாறியதில் இத்தகைய முதல் தலைமுறைப் பெண்களின் பங்கு பெரிது.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிச் செல்லும் வழக்கத்தை ஐடா 1906 ஆம் ஆண்டுவாக்கில் மாட்டுவண்டியில் தொடங்கினார். 1909 ஆம் ஆண்டில் அவருக்கு பெஜோ வகைச் சிறிய மகிழுந்து ஒன்று கிடைத்தது. அப்பகுதி மக்கள் பலர் அதற்கு முன் மகிழுந்தைக் கண்டதில்லை. எனவே முதலில் அச்சமும் வியப்பும் அடைந்தனர்.

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில் குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். நோயாளிகள் முன்னரே வந்து காத்திருப்பர். புண்களுக்குக் கட்டுப் போடுவது, கண்களுக்கு மருந்திடுவது, பல் பிடுங்குவது, தொழுநோயாளிகளைக் கவனிப்பது எனப் பலவும் அங்கேயே நடந்தன. மருத்துவர் நோயை அறிந்து சொல்ல, மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் உடன் சென்ற உதவியாளரின் கையில் இருந்தன. கடும் நோயுற்றோர் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டனர். நடமாடும் மருத்துவமனை என்று பின்னாளில் அறியப்பட்ட முறைக்கு இது ஒரு முன்னோடி ஆகும்.

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி

தாம் ஒருவரே எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் தேவை தீராது என்பதை உணர்ந்த ஐடா, இந்தியப் பெண்களையே மருத்துவர்களாக்க முனைந்தார். வட இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இருந்தது. எடித் பிரவுன் 1894 ஆம் ஆண்டில் லூதியானாவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவியிருந்தார்.

1918 ஆம் ஆண்டில் வேலூரில் பெண்களுக்கான மிசனரி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. போதிய மாணவியர் கிடைப்பார்களா என அதிகாரிகள் ஐயுற்றனர். ஆனால் முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. இடமும் ஆசிரியர்களும் போதாமையால் அவர்களுள் மிகச் சிலரையே சேர்க்க முடிந்தது. எல்.எம்.பி. என்னும் சான்றிதழுக்கான அரசுத் தேர்வில் முதல் அணி மாணவியர் சிறப்பாகத் தேறினர். ஐடாவின் தோழி கெர்ட்ரூட் டாட் தம் செல்வத்தையும் உழைப்பையும் இப்பள்ளிக்கு ஈந்தார். அமெரிக்காவில் லூசி பீபடி என்பவர் ஆசிய நாடுகளின் மகளிர் கல்லூரிகளுக்காக நடத்திய நிதி திரட்டலும் பெரிதும் உதவியது. 1920களில் வேலூர் தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனையும், 1930களின் தொடக்கத்தில் பாகாயத்தில் கல்லூரி வளாகமும் உருவாயின.

செவிலியர் கல்லூரியாக வளர்ச்சி

1926 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. இதனால் பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யும் முறை ஏற்பட்டது. யாரும் எவ்விதப் பயிற்சியுமின்றித் தம்மைச் செவிலியர் எனக் கூறிக்கொள்ளும் நிலை மாறத் தொடங்கியது.

1930களின் இறுதியில் சான்றிதழ் அளவிலான மருத்துவப் படிப்பை நிறுத்திப் பட்டப்படிப்பாக மாற்றவேண்டும் என்று அரசு வலியுறுத்தியது. இதற்கான கட்டடம், கருவிகள், பேராசிரியர்களுக்குப் பெரும் பொருள் தேவைப்பட்டது. பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. எழுபது வயதைக் கடந்திருந்த ஐடா, உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942 ஆம் ஆண்டில் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. நிறுவனத்தைக் காக்கும் பொருட்டு, ஆண்களையும் மாணவராகச் சேர்ப்பது என்ற முடிவும் 1940களில் எடுக்கப்பட்டது. பெண்களுக்காகவே தொடங்கிய நிறுவனம் அத்தன்மையை இழப்பது பற்றித் தொடக்ககால ஆதரவாளர்களிடையே கடும் கருத்து வேறுபாடு எழுந்தது.

1946 ஆம் ஆண்டில் வேலூர் செவிலியர் பள்ளி, பி.எஸ்சி. செவிலியர் பட்டப்படிப்பை வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டில் தில்லியிலும் இத்தகைய படிப்பு தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் இவையே. நாட்டின் மருத்துவத் தேவையை ஆராய்ந்த போர் குழு, செவிலியர் எண்ணிக்கையையும் கல்வித் தரத்தையும் உயர்த்தவேண்டும் எனப் பரிந்துரைத்ததும் 1946 ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டில் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. சமையல்காரரின் மனைவிக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்ததில் தொடங்கிய பயிற்சி, ஏறத்தாழ அரை நூற்றாண்டில் பல்கலைக்கழகப் பட்டமாக உயர்ந்தது.

இறுதிக்காலம்

1946 ஆம் ஆண்டில் ஐடா ஓய்வு பெற்றார். பின்னர் இந்தியரான ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நியூயார்க் மருத்துவமனை ஒன்று 1952 ஆம் ஆண்டின் சிறந்த பெண் மருத்துவர் ஐவருள் ஒருவராக ஐடாவைத் தேர்ந்து, எலிசபெத் பிளாக்வெல் பெயரிலான சான்றிதழை வழங்கியது. திருமணம் செய்துகொள்ளாத ஐடா, கொடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில் இறுதி நாள்களைக் கழித்தார். 1960 மே மாதத்தில், தம் 89 ஆம் வயதில் அங்கேயே காலமானார். 2000 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

மதிப்பீடு

ஐடா ஸ்கடரின் பணி கிறித்தவ சமயப் பரப்புப் பணியோடு இணைந்தே நடந்தது. மருத்துவத்தைச் சமய மாற்றத்துக்கு வாயிலாகக் கொண்டனர் என்று மிசன் மருத்துவமனைகளைப் பற்றிப் பொதுவாக விமர்சனம் உண்டு. அதே வேளையில், எல்லாச் சமயத்தினருக்கும் அங்கு மருத்துவம் கிடைத்தது என்பதையும், அங்குப் பயின்றோர் நாடெங்கும் பணியாற்றினர் என்பதையும் வரலாற்றாளர் சுட்டுவர்.

மற்றொரு குறையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நிறுவனரின் வாழ்க்கை விரிவாக எழுதப்பட்டுள்ளது. நன்கொடை அளித்தவர்களின் பெயர்கள் கட்டடங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் முதல் இருபது முப்பது ஆண்டுகளில் இரவுபகலாக உழைத்த தமிழ்ச் செவிலியரில் பெரும்பாலோரின் பெயர்கள் பொதுவில் அறியப்படவில்லை. மருத்துவமனையின் நற்பெயர் அவர்களுடைய உழைப்பின்மீதும் எழுந்ததாகும்.

நோயாளியைத் தேடிச் செல்லவேண்டும் என்ற தேவை ஐடாவின் காலத்தோடு முடியவில்லை. தமிழ்நாட்டு அரசின் பொதுச் சுகாதார அமைப்பில் துணை சுகாதார நிலையங்கள் அடிப்படை அலகாக உள்ளன. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதி போன்ற எளிதில் அடையவியலாத இடங்களில் 3,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது பொது அளவுகோல். கிராம சுகாதார செவிலியர் இங்கிருந்து வீடுவீடாகச் சென்று கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து, தடுப்பூசிகளைக் கவனிக்கின்றனர். 2021 ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளோரின் வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்லப்படுகிறது.

இதன் அருமை, போக்குவரத்து எளிதாக உள்ள ஊர்களைவிட, தொலைவான ஊர்களிலேயே நன்கு விளங்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள பழவேற்காடு ஏரியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் கரைகளிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகளிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. புயலும் வெள்ளமும் வரும் பருவத்தில் பெரிய மருத்துவமனையை அடைவது இத்தகைய ஊர்களில் எளிதன்று. அங்கு நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலி எடுக்கும் ஒரு பெண்ணுக்கு, ஊர்ப் பெண்களை அறிந்து, முன்கூட்டியே இடர் உணர்ந்து, உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பும் செவிலியரே முதல் துணை. திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களுக்கும் கிடைக்காமற்போனது இத்துணையே ஆகும்.